கோட்டருகே பெயர்

வரைபு என்பது கண்ணுக்குச் சொல்லும் கணக்கு. ஆனால், எல்லார் கண்ணுக்கும் அது ஒன்றுபோலச் சொல்கிறதா?

ஹட்டன் வழியாகப் பதுளை செல்லும் புகையிரதப் பாதையைக் கொள்வோம். நுவரெலியாவுக்குச் செல்வோர் இறங்கும் நானுஓயா 1,613 மீற்றர் உயரத்தது, பட்டிப்பொலவுக்கு அருகேயுள்ள உச்சி 1,898, பதுளை 652. இவ்வுயரங்களை வரைபாக்கும் மாணவர் சிலர், ஏற்றத்தைச் சிவப்பிலும் இறக்கத்தைப் பச்சையிலும் தீட்டி, நிறங்களின் பொருளை ஒரு மூலையில் எழுதுவர். தாளைக் கறுப்பு மையில் படியெடுத்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பிள்ளைகளும் உளர். பெண்களினும் ஆண்களிடையே இக்குறை மிகுதி. படம் விளங்காதபோது அப்பிள்ளை தன் அறிவையே ஐயுறுகிறான். இது தகுமா?

வழி எளிது. ஏற்றத்தை முழுக்கோடாகவும் இறக்கத்தைத் துண்டுக்கோடாகவும் வரைந்து, பெயரைக் கோட்டருகிலேயே எழுதுக. 1786இல் வில்லியம் பிளேஃபெயர் வெளியிட்ட வணிக வரைபுகளிலும் ஏற்றுமதி, இறக்குமதி என்பன கோடுகளை ஒட்டியே எழுதப்பட்டன. அச்சில் 'மீற்றர்' என்னும் அலகும் தெளிவாக நிற்கட்டும்.

இறுதியாக, படத்தின் கீழே ஒரு வாக்கியம்: "நானுஓயாவிலிருந்து உச்சிக்கு 285 மீற்றர் ஏற்றம்; உச்சியிலிருந்து பதுளைக்கு 1,246 மீற்றர் இறக்கம்." அதனை வாசித்துக் காட்டினால், பார்வையற்ற மாணவனுக்கும் அம்மலைப்பாதை புலனாகும். நாம் வேண்டுவதும் அதுவே.