கத்தியில் இருக்கும் ஊர்ப் பெயர்

'ஜெர்மன் ஸ்டீல்' என்று அலகில் பொறித்திருந்தால் போதும், கத்தி ஜெர்மனியில் செய்தது என்று நம்பிக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் ஏராளம். அந்த வாசகம் சொல்வது இரும்பின் ரகத்தை மட்டும்தான். கத்தி உலகின் எந்த மூலையிலும் செய்யப்பட்டிருக்கலாம். தேக்கு என்று எழுதியிருந்தால் தச்சர் யார் என்று தெரிந்துவிடுமா என்ன?

ஐரோப்பியக் கத்தி வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பையோ விலையையோ அல்ல, ஊர்ப் பெயரை. எந்த ஊர்ப் பெயருக்குச் சட்டக் காவல் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தீர்ந்தது.

இந்தப் பெயர்ச் சண்டை ரொம்பப் பழையது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்களுக்கு 1624-லேயே நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரின் பெயருக்கு உலகெங்கும் மதிப்பு. மதிப்பு இருந்தால் போலியும் வரும் அல்லவா? ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்த மலிவான கத்திகளில் 'ஷெஃபீல்ட்' முத்திரை குத்தப்படுகிறது என்று ஷெஃபீல்ட்காரர்கள் கொதித்தார்கள். இத்தகைய புகார்களை ஒட்டி 1887-ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது: பிரிட்டிஷ் பொருள் போலத் தோன்றும் அயல்நாட்டுச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். 'மேட் இன் ஜெர்மனி' பரவியது அப்படித்தான். மட்டமான சரக்கு, ஜாக்கிரதை என்று எச்சரிக்கத்தான் அந்த வாசகம்!

அப்புறம் நடந்தது தமாஷ். சில பத்தாண்டுகளிலேயே அந்த எச்சரிக்கை பெருமைச் சின்னமாகிவிட்டது. 1938-ல் சோலிங்கன் பெயரைப் போலிகளிடமிருந்து காப்பாற்ற ஜெர்மனியே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. இன்றும் முக்கியமான செய்முறைகள் எல்லாம் சோலிங்கன் தொழிற்பகுதிக்குள் முடிந்தால்தான் அந்தப் பெயரை அலகில் பொறிக்கலாம். ஆக 'ஜெர்மன் ஸ்டீல்' வேறு, 'சோலிங்கன்' வேறு.

பிரான்சின் லயோல் கிராமத்துக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பிடியின் மேல் தேனீ உட்கார்ந்திருக்கும் அந்த ஒல்லியான மடக்குக் கத்தியைப் பலர் ஒரு கம்பெனியின் தயாரிப்பு என்றே நினைக்கிறார்கள். அது வெறும் பாணியின் பெயர். சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்த கத்திகள்கூட அதே பெயரோடு விலை போகின்றன. போதாக்குறைக்கு 1993-ல் வெளியூர் வியாபாரி ஒருவர் அந்தப் பெயரைப் பல பொருள்களுக்கு வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டார். வழக்கில் தோற்ற கிராமத்து மக்கள் 2012-ல் தங்கள் ஊர்ப் பலகையையே கழற்றிப் போட்டுப் போராடினார்கள். ஊர்ப் பெயர் ஊருக்கே சொந்தமில்லை என்றால் வேறென்ன செய்வார்கள்? லயோல் வாங்குகிறவர் தேனீயை விட்டுவிட்டு, செய்த பட்டறையின் பெயரைக் கேட்பது நல்லது.

முத்திரையிலும் கவனம் வேண்டும். சோலிங்கனில் 1731-ல் பதிவான இரட்டையர் சின்னம் ஸ்விலிங் நிறுவனத்துடையது. அதே குழுமத்தின் விலை குறைந்த வரிசையில் ஒற்றை ஆள்தான் இருப்பார். தலையை எண்ணிவிட்டுக் காசை எண்ணலாம்!

சமையலறைக்கு வருவோர் அடுத்து விழும் குழி, 'அடித்துச் செய்த கத்திதான் உசத்தி' என்ற நம்பிக்கை. அலகும் பிடியும் சேரும் இடத்தில் தடித்த கழுத்தோடு வரும் கனமான கத்தி கையில் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கழுத்து விளிம்பு வரை இறங்கியிருந்தால், சாணை பிடிக்கப் பிடிக்க அலகின் அடிப்பகுதி பலகையில் படாமல் போகும். சுவிட்சர்லாந்தின் இபாக்கில் விக்டோரினாக்ஸ் செய்யும் பிளாஸ்டிக் பிடிக் கத்தி தகட்டிலிருந்து வெட்டி எடுத்தது, பார்க்கச் சுமார்தான். வெங்காயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. (சுவிஸ் ராணுவத்தின் முதல் தொகுதி மடக்குக் கத்திகள் சோலிங்கனில் செய்யப்பட்டவை என்பதும், எல்சனரின் இபாக் பட்டறை 1891-ல்தான் அந்த வேலையைத் தன் பக்கம் கொண்டுவந்தது என்பதும் சுவாரஸ்யமான தகவல்.)

இரண்டு வகையிலும் இரும்பு ஏறக்குறைய ஒரே குடும்பம்: அரை சதவீதம் கார்பன், சுமார் 15 சதவீதம் குரோமியம். ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை கடினம். 60-ஐத் தாண்டும் ஜப்பானியக் கத்தி அளவுக்குக் கூர் நிற்காது. ஆனால் முரட்டுக் கையில் பட்டென்று சில்லு பெயராது; விளிம்பு மடங்கினால் இரும்புக் கோலில் நாலு இழுப்பில் நிமிர்ந்துவிடும். அதற்காகத் தேங்காய் உடைக்கக் கிளம்பிவிடக் கூடாது. அதற்கு வீட்டு அரிவாளே மேல்.

மரக்கட்டையில் செருகிய 12 கத்தி செட் சுத்த வீண். 20 சென்டிமீட்டரில் ஒன்று, தோல் சீவச் சின்னது ஒன்று, ரொட்டி சாப்பிடுகிற வீடென்றால் பல் வைத்தது ஒன்று. மிச்சக் காசில் சாணைக்கல் வாங்கலாம். மழுங்கிய கத்திதான் தக்காளியில் வழுக்கி விரலில் இறங்கும்.

காடு, மலை என்று போகிறவருக்கு ஸ்வீடனின் மோரா கத்தி போதும். சுமார் 10 சென்டிமீட்டர் அலகு, பிளாஸ்டிக் உறை, குறைந்த விலை. விளிம்பின் இரு பக்கமும் அகலமான சமதளச் சரிவு இருப்பதால், அதைக் கல்லில் படிய வைத்துத் தேய்த்தாலே கற்றுக்குட்டிக்கும் சாணை சரியாக வந்துவிடும். பாக்கெட்டில் மடக்கி வைக்க பிரான்சின் ஸாவோயிலிருந்து 1890 முதல் வரும் ஒப்பினெல் அழகு. கார்பன் அலகு துருப்பிடிக்கும், மரப்பிடி மழையில் ஊறினால் திறக்க மறுக்கும். இதெல்லாம் தெரிந்துதான் வாங்க வேண்டும்.

பிரிட்டனில் படிக்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடியது 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி மட்டுமே. ஒப்பினெல் 8-ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர், 1955-லிருந்து அதைப் பூட்டும் வளையமும் உண்டு. இரண்டு விதத்திலும் மாட்டிக்கொள்ளும்.