விடுபட்டவர்கள் காட்டிய வழி

எனக்கு முதலில் பிடித்த பித்து ராக்கெட். பழவேற்காட்டுக் குப்பத்தில் பிறந்த பிள்ளைக்கு அது இயல்புதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 1980 ஜூலையில் எஸ்.எல்.வி-3 அங்கிருந்துதான் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு போனது. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் மலிவு விலை சோவியத் அறிவியல் நூல்களை அப்பா பொன்னேரியிலிருந்து வாங்கி வருவார். உந்துவிசை, சுற்றுப்பாதை என்று நான் ஓயாமல் பேசுவதை மீன் கூடையைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்பாள். ஒருநாள், "அதெல்லாம் சரிடி, அந்தத் தீவுல குடியிருந்தவங்களப் பத்தி உன் புஸ்தகத்துல இருக்கா?" என்றாள்.

இல்லை. 1969இல் ஏவுதளத்துக்காக அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே மீனவர்களும் யானாதி மக்களும் வாழ்ந்திருந்தார்கள். விண்வெளி நூல் எதிலும் அவர்களைக் காணவில்லை. அப்போதிருந்து எனக்கு இதே வழக்கமாகிவிட்டது. ஒரு புத்தகத்தில் யார் விடுபட்டார்களோ, அவர்களைத் தேடித்தான் அடுத்த புத்தகத்துக்குப் போவேன்.

கல்லூரி நாட்களில் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை, இங்கிருந்து ஜாவாவுக்குப் போன துணி, வெடிமருந்துப் பட்டறை, 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது எல்லாவற்றையும் சென்னை கன்னிமாரா நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். துணியோடு மனிதர்களும் கப்பலேறியிருக்கிறார்கள். பஞ்ச காலத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் விலைபோனவர்களைப் பழவேற்காட்டிலிருந்து ஜாவாவின் பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றிப் போனார்கள். இறந்த அதிகாரிக்குக் குலச்சின்னத்தோடு கல்வெட்டு இருக்கிறது. கப்பலேறியவருக்கு ஒரு பெயர்கூட இல்லை. பல இரவுகள் அந்தப் பக்கங்களை மூடிவைத்துவிட்டுத் தூக்கமின்றிக் கிடந்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆப்ரகாம் ரொகேரியஸ் கிடைத்தார். 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் மதபோதகராக இருந்தவர். இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1651இல் லெய்டனில் வெளியானது. சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் இரண்டு சதகங்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக வந்தது அந்த நூலில்தான். ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் போய், நூறாண்டுக்கும் மேல் கழித்து ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டரின் மேசைவரை அது சென்றது. என்னை நெகிழவைத்தது அதுவல்ல. தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பத்மநாபன் என்ற பிராமணர் என்று ரொகேரியஸ் பெயர் போட்டு எழுதியிருக்கிறார். எங்கள் ஏரிக்கரையில் இருவரும் போர்த்துக்கீசிய மொழியில் பேசிக்கொண்டார்கள். இந்தியாவைப் பற்றி எழுதிய எத்தனையோ வெள்ளைக்காரர்கள், தங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரை "ஒரு பிராமணர்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ரொகேரியஸின் மற்றக் கருத்துகளோடு எனக்கு எத்தனை சண்டை இருந்தாலும், இந்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கிறேன்.

ஆனால் பத்மநாபன் சொன்னது பெரும்பாலும் அவருடைய குலத்தாரின் வழக்கங்கள். வலை போட்டவர்களைத் தேடி நான் ஏரிக்கே திரும்ப வேண்டியிருந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் இந்த ஏரியின் உயிரினங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் எழுத்தைப் படித்த பிறகு முகத்துவாரத்தை நான் பார்க்கும் விதமே மாறியது. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு அந்த வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகிறது. மணல் மேடிட்டு வாய் அடைபட்டால் எங்கள் அடுப்பும் அணைந்துவிடும்.

அதே வேகத்தில் 'பாடு' என்ற மீன்பிடி முறையைப் பற்றிய ஆய்வுகளையும் படித்தேன். ஏரியில் எந்தத் துறையில் யார், எந்த நாளில் சுத்துவலை கட்டுவது என்று தலைக்கட்டு வாரியாக முறை பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆய்வாளர்கள் அதை வியந்து எழுதுகிறார்கள். மீனவரே தம் நீர்நிலையைப் பங்கிட்டுக் காத்த அறிவு அது என்பதை நானும் நம்புகிறேன். அப்பா அந்த முறையில் வாழ்ந்தவர். அவர் மகளான எனக்குப் பாடு கிடையாது. ஏரியை நம்பி வாழும் இருளர் பழங்குடிகளுக்கும் கிடையாது.

இப்போது என் பித்து இருளர் பெண்கள்தான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். எந்தச் சேற்றில் எந்த மாதம் எது ஒதுங்கும் என்பதெல்லாம் அவர்கள் விரல்களுக்குத் தெரியும். அதைப் படிக்க இனி நூலகத்துக்குப் போய்ப் பயனில்லை என்று, கரையேறும் நேரம் பார்த்து அவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதிவருகிறேன். எழுத்து எப்போது முடியும் என்று தெரியாது. சம்மதிக்கும் ஒவ்வொருவருடைய பெயரும், அவர் சொன்னதுக்கு நேராக, அதில் இருக்கும்.