விளங்க வைத்தல்

நூலுக்குரிய அழகுகள் பத்து என வகுத்த நன்னூலார், அவற்றுள் ஒன்றாக ‘விளங்க வைத்தல்’ என்பதைச் சுட்டுகிறார். குற்றங்கள் பத்தினுள் ‘மயங்க வைத்தல்’ என்பதும் ஒன்று. இலக்கிய இலக்கண நூல்களுக்கே உரியன என நாம் எண்ணும் இவ்வளவுகோல்கள், கணிப்பொறி மென்பொருள்களுக்கு எழுதப்படும் கையேடுகளுக்கும் பொருந்துவன என்பதே என் கருத்து.

சான்றாக, ‘கிட்’ என்னும் மென்பொருளைக் காண்போம். லினக்ஸ் நிரலைப் பலர் கூடி எழுதுவதற்கென 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை உருவாக்கினார். ஒரு நிரலில் யார், எப்போது, எதனை மாற்றினார் என்பதைப் பதிந்து வைப்பதும், வேண்டும்போது பழைய வடிவத்தை மீட்டுத் தருவதும் இதன் பணி. சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

கருவி சிறந்தது; கையேடோ கற்பவரை மயங்க வைக்கிறது. அடுத்த பதிவில் சேர வேண்டிய மாற்றங்களைத் திரட்டி வைக்கும் இடம் ஒன்றே. அதற்கு ‘இண்டெக்ஸ்’, ‘கேஷ்’, ‘ஸ்டேஜிங் ஏரியா’ என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. ஒரு பொருள் குறித்த பல சொல் கவிதைக்கு அணி, கையேட்டிற்குப் பிணி.

இதற்கு மாறாக, ‘செக்அவுட்’ என்னும் ஒரே கட்டளைக்கு இருவேறு பணிகள். நிரலின் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்கு மாறவும் அதுவே. ஒரு கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பவும் அதுவே. முன்னதில், பதியப்படாத மாற்றங்கள் அழியும் நிலை வந்தால் மென்பொருள் தடுத்து நிறுத்தும். பின்னதிலோ வினவாமலே அழித்துவிடும். இவ்வேறுபாட்டை அறியாத மாணவர் பல நாள் உழைப்பை ஒரு நொடியில் இழக்கக்கூடும். இழந்தபின் அவர் கையேட்டைக் குறை கூறுவதில்லை. ‘எனக்கு அறிவு போதாது’ எனத் தம்மையே நொந்துகொள்கிறார். உழைப்பை இழப்பதினும் இதுவே பெருங்கேடு.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த 2.23ஆம் பதிப்பில், அவ்விரு பணிகளுக்கும் ‘ஸ்விட்ச்’, ‘ரீஸ்டோர்’ எனத் தனித்தனிக் கட்டளைகள் அமைக்கப்பட்டன. குறை கற்பவரிடம் மட்டும் இல்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

‘பழகப் பழக விளங்கிவிடும், கையேடு துல்லியமாக இருந்தால் போதும்’ என்பர் சிலர். துல்லியம் வேண்டுவதே. ஆயின், முன்பே அறிந்தவருக்கு மட்டும் விளங்கும் துல்லியத்தால் அறியாதவர் பெறும் பயன் யாது? எழுதியவருக்குப் பழகிப்போன சொல்லின் கடுமை அவர் கண்ணுக்குப் புலப்படாது. எனவே, எழுதிய பக்கத்தைப் புதியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் தயங்கி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்துதல் வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே பெயர் வழங்குதல் வேண்டும். ஒரு கட்டளை எதனை அழிக்கும் என்பதை, அக்கட்டளையைக் கூறும் முன்பே எச்சரித்தல் வேண்டும்.

உரை மரபு நமக்குப் புதிதன்று. அரபுச் சொற்கள் விரவிய சீறாப்புராணத்திற்கு உரை வகுத்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் ஆற்றிய பணி, நூலுக்கும் கற்பவருக்கும் இடையே பாலம் அமைத்தது அன்றோ? கையேடு எழுதுதலும் அத்தகைய பணியே. தமிழ் பயிலும் மாணவச் செல்வங்கள், கணிப்பொறித்துறை நண்பரோடு அமர்ந்து, ஒரு கட்டளைக்கேனும் தமிழில் விளக்கம் எழுதிப் பார்க்க வேண்டுகிறேன். விளங்க வைத்தல் எத்துணை அரிது என்பதும், எத்துணை பெரிய அறம் என்பதும் அப்போது புலனாகும்.