வாரிசுகளின் பங்கு எங்கே?

நோயுற்றுக் கிடந்த ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களைக் காண அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சென்றபோது நடந்த உரையாடலை, நம் பள்ளிவாசல் மேடைகளில் கேளாதவர் இருக்க முடியாது. தமக்கு வாரிசு ஒரே மகள்தான் என்றும், செல்வத்தில் மூன்றில் இரு பங்கை அறத்துக்கு எழுதிவைக்கலாமா என்றும் கேட்டார் அந்தத் தோழர். கூடாது என்றார்கள் நபிகளார். பாதியை? அதுவும் கூடாது. மூன்றில் ஒன்றை? அது ஆகலாம், அதுவே மிகுதிதான் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விட்டுப் போவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது நன்று என்று காரணமும் கூறினார்கள்.

அவர் கேட்டது சூதாடுவதற்கன்று, தருமம் செய்வதற்கு. தருமத்துக்கே இப்படி வரம்பு கட்டிய மார்க்கத்தில் பிறந்த நாம், சுகத்துக்காக எவ்வளவு செலவிட்டிருக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

கணக்கு இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் பருவநிலை அறிவியல் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை அதைப் புள்ளிவிவரமாகவே தருகிறது. 1850 முதல் 2019 வரை மனித குலம் காற்றில் கலந்துவிட்ட கரியமில வாயு ஏறத்தாழ 2,39,000 கோடி டன். புவி வெப்ப உயர்வை 1.5 பாகையோடு நிறுத்துவதற்குச் சரிபாதி வாய்ப்பாவது வேண்டுமானால், 2020 தொடக்கத்தில் மீதமிருந்த இடம் 50,000 கோடி டன்தான். ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் வீதம் அந்த மீதமும் கரைந்துகொண்டிருக்கிறது. ஆக, ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 2019க்குள்ளாகவே செலவாகிவிட்டது. மூன்றில் ஒன்றே மிகுதி என்ற மார்க்கத்தின் முன் இந்தக் கணக்கை யார் வைப்பது?

உடல்நலத்தோடு இருப்பவன் தன் பொருளைச் செலவிட எந்தத் தடையும் இல்லையே, மூன்றிலொரு பங்கு வரம்பு வஸிய்யத்துக்குத்தானே என்று கற்றறிந்த ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அது தன் பொருளுக்கு. காற்று எவருடைய பொருள்? நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிமொழியின் கருத்து. இவற்றுக்கு நாம் உரிமையாளர்கள் அல்லர், முத்தவல்லிகள். வக்ஃபு நிலத்தின் விளைச்சலை உண்ணலாம், நிலத்தை விற்று உண்ணக்கூடாது. விற்றுத் தின்ற முத்தவல்லியை ஊர் என்ன பெயரிட்டு அழைக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

"இதெல்லாம் மேனாட்டார் செய்த வேலை, நம் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. ஓர் இந்தியன் வெளியிடும் சராசரிப் புகை உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் தீர்க்க வேண்டிய பழைய கடனைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் மற்றொரு பாதியும் இருக்கிறது. நம் சபுராளிகள் அரை நூற்றாண்டாக வளைகுடாவில் ஈட்டி அனுப்பிய பணம் எந்த எண்ணெயிலிருந்து ஊறியது? நம் வீடுகளின் மாடிகள் எதன்மேல் எழும்பின? அந்த உழைப்பைப் பழிக்கவில்லை. பாலையில் வெந்து குடும்பம் காத்தவர்களைப் பழிக்கும் நா அழுகட்டும். அந்தப் பணம் ஊருக்குள் வந்து என்ன செய்தது என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடக் கண்டனூர்ப் பக்கம் போகலாம். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி செல்லும் இருப்புப் பாதையில் இருக்கிறது, கண்டனூர்-புதுவயல் நிலையம். ஒருபுறம் நகரத்தார் மாளிகைகள், மறுபுறம் புதுவயலின் அரிசி ஆலைகள். அந்த நகரத்தாரும் சபுராளிகள்தாம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கடல் கடந்து போய்ப் பொருள் தேடியவர்கள். திரும்பி வந்து மாளிகை கட்டினார்கள், ஊருணியும் வெட்டினார்கள். (அந்த மாளிகைகளுக்குப் பர்மாத் தேக்குக் காடுகள் பலியாயின, அது வேறு கணக்கு, அதையும் ஒருநாள் பார்க்க வேண்டும்.) ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை, அதுவும் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும் மழை. வற்றாத ஆறு கிடையாது. எனவே கூரைகளை உள்நோக்கிச் சாய்த்து மழையை முற்றத்தில் இறக்கினார்கள். அண்டாக்களில் பிடித்தது போக மிகுந்தது தெரு வடிகாலுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகுமாறு ஊரையே வகுத்தார்கள். ஊர் உண்ணும் நீர் என்பதே அப்பெயரின் பொருள். வெட்டியவர் மறைந்து நூறாண்டு கழித்தும் குடிப்பதற்கு அது. ஸதக்கத்துல் ஜாரியா என்று நாம் சொல்வதும் அதைத்தானே?

நாம் என்ன செய்தோம்? ஆழ்துளைக் கிணறு போட்டோம். அண்டை வீட்டார் இருநூறு அடி போட்டால் நாம் முந்நூறு. நீர் கீழே போகப் போகக் குழாயும் கீழே போயிற்று. முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடினோம், வரத்துக்கால்களில் குப்பையைக் கொட்டினோம், கண்மாயைச் சீமைக் கருவேலத்துக்கு விட்டோம். 2003இல் தமிழ்நாட்டரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியபோது, அதிகாரி பார்ப்பதற்கு ஒரு குழாயைச் சுவரில் பொருத்தியதோடு கடமை முடித்தோர் எத்தனை பேர்! 2016இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் கஜா புயல். பருவம் தடுமாறும் காலத்தில்தான் ஊருணியின் அருமை தெரியும். நாமோ அந்தக் காலம் பார்த்து அதைத் தூர்த்துவிட்டோம்.

மத்திய நிதியமைச்சராகப் பலமுறை இருந்த ப. சிதம்பரம் அவர்களின் ஊர் கண்டனூர். அவர் அப்பொறுப்பில் இருந்தபோது, 2008 ஜூன் 30 அன்று, பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டம் வெளியாயிற்று. எட்டு இயக்கங்களுள் நீருக்கென்றே ஒன்று உண்டு. தில்லியில் ஏடு வெளியாவதற்கும் செட்டிநாட்டில் ஒரு வரத்துக்கால் துப்புரவாவதற்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தக் கட்சி அளந்து பார்த்தது? அதன் பிறகு 2021இல் கிளாஸ்கோவில் இன்னொரு வாக்குறுதி: இந்தியாவின் நிகரப் புகை வெளியீடு 2070இல் சுழியாகுமாம். வாக்குறுதி தந்த தலைவர்களுள் அன்று எத்தனை பேர் இருப்பார்கள்? பத்திரத்தில் கையொப்பம் தந்தையுடையது, தவணை கட்ட வேண்டியவன் மகன். இறந்தவர் கடன் அவர் சொத்திலிருந்து தீர்ந்த பிறகே பாகப்பிரிவினை என்பது நம் சட்டம். சொத்தைத் தீர்த்துவிட்டுக் கடனை மட்டும் வாரிசுக்கு வைக்கும் முறை எந்தக் கிதாபில் இருக்கிறது?

எல்லாம் இறைவன் நாட்டம் என்று கைகளை உதறுவோர் ஒரு சாரார். இவர்களே மகள் பிறந்த அன்று அவள் கல்யாணத்துக்கு நகை சேர்க்கத் தொடங்குகிறார்கள். அங்கே விதி நினைவுக்கு வருவதில்லை. 2024 ஜூனில் ஹஜ்ஜுக்குச் சென்றவர்களுள் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. ஹரம் ஷரீபில் வெப்பம் 51.8 பாகையைத் தொட்டது. மாண்டவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியும் குளிரூட்டிய கூடாரமும் இன்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். இனிச் சில ஆண்டுகள் ஹஜ் குளிர்காலத்துக்குள் நகரும்; நாம் மறந்துவிடுவோம். ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பிறை ஒரு சுற்றை முடித்து மீண்டும் ஜூனுக்கு வரும். இன்று மதரஸாவில் ஓதும் பத்து வயதுப் பிள்ளை அப்போது நாற்பதை எட்டி இஹ்ராம் கட்டியிருப்பான். அன்றைய வெயிலை இன்று தீர்மானிப்பவர்கள் நாம்.

பிள்ளைகள் வாய் திறவாமலும் இல்லை. உத்தரகண்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டினாள்; 2019இல் மனு தள்ளுபடியாயிற்று. பசிபிக் தீவுகளின் மாணவர்கள் தொடங்கிய முயற்சி உலக நீதிமன்றம் வரை சென்றது. பருவநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை என்று அம்மன்றம் 2025 ஜூலையில் கருத்துரைத்தது. நம் வீட்டுப் பிள்ளை இதே கேள்வியைக் கேட்டால் "படிக்கிற வேலையைப் பார்" என்கிறோம்.

தில்லியும் வாஷிங்டனும் திருந்தும்வரை ஜமாஅத் காத்திருக்க வேண்டியதில்லை. ஒளுச் செய்த நீர் சாக்கடைக்குப் போகாமல் பள்ளிவளாகத்து உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். மேல்தளத்தில் சூரிய மின்தகடு வரட்டும். மினாராவுக்கு இன்னொரு அடுக்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம். வரத்துக்கால்களின் எல்லை வருவாய்த்துறையின் புல வரைபடத்தில் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் படி எடுத்து, ஐப்பசி அடைமழைக்கு முன் நில அளவரை அழைத்து அளக்கச் சொல்லட்டும். கோயில் நிருவாகத்தாரையும் பேரூராட்சி உறுப்பினர்களையும் உடன் அழைக்கட்டும், ஊருணி எல்லாருக்கும் பொது. அளக்கும்போது வரத்துக்கால் எவர் வீட்டுச் சுவருக்குள் புகுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அது ஜமாஅத் தலைவரின் சுவராகவே இருந்தாலும் அளவுச் சங்கிலி வளையக் கூடாது.