காது மந்தமா? ரத்தச் சோதனையை நம்பிக் காத்திருக்காதீர்கள்!



காது மந்தம் என்றாலே ஆலைச் சத்தம், புல்வெட்டும் மிஷின், இல்லாவிட்டால் வயசு என்று ஒதுக்கிவிடுகிறோம். சத்தத்தால் வரும் மந்தம் வருஷக் கணக்கில் மெல்ல வரும். ஆனால் சில வாரங்களில், சில மாதங்களில் இரண்டு காதும் மளமளவென்று மங்கினால் அது வேறு சங்கதி. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, நோயை விரட்ட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உட்காதைத் தாக்குகிற நோயாக இருக்கலாம். 1979-ல் அமெரிக்க டாக்டர் பிரையன் மெக்கேப் இதை விளக்கி எழுதினார். அபூர்வமான நோய்தான். ஆனாலும் காலத்தோடு பிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது.

"ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடுமே, ஐயா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். உட்காதைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளுக்கு 'ஆன்டிபாடி' என்று பெயர். 1990-ல் அமெரிக்காவில் ஹாரிஸ், ஷார்ப் என்ற இருவர் மாட்டின் உட்காதுத் திசுவை வைத்து நோயாளிகளின் ரத்தத்தில் அதைத் தேடினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம்தான் அகப்பட்டது. பின்னால் வந்த சோதனைகளும் முடிவான தீர்ப்புச் சொல்வதில்லை. 'இல்லை' என்று வந்தாலும் நோய் இருக்கலாம். 'இருக்கிறது' என்று வந்தாலும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆகவே, இந்த ஒரு சோதனைக்காகக் கடன் வாங்கி ஓட வேண்டாம் என்பது என் கருத்து. "ரிசல்ட்டு நல்லாருக்கு, ஒண்ணுமில்லே" என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் வேண்டாம். வேறு நோய்களை விலக்க டாக்டர் கேட்கும் ரத்தச் சோதனைகளை மட்டும் மறுக்காதீர்கள். மேகநோய்கூடக் காதைக் கெடுக்கும்.

முக்கியமானது ஆடியோகிராம் என்னும் காதுச் சோதனை. அதைத் திரும்பத் திரும்ப எடுத்தால்தான் காது எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்று தெரியும். பிறகு ஒரு மாதம் போல ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, காது தேறுகிறதா என்று பார்ப்பார்கள். மருந்துக்குக் காது தேறுவதே இந்த நோய்க்கு நல்ல அத்தாட்சி. இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, காசநோய் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது.

ராத்திரிக்கு ராத்திரி காது அடைத்துப்போனால் அன்றைக்கே புறப்படுங்கள். "ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று தயங்காதீர்கள். நிர்வாகம் ஆஸ்பத்திரிச் சீட்டும் வண்டியும் தாமதமில்லாமல் தர வேண்டும். தோட்டக் கமிட்டித் தோழர்கள் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். பிரட்டில் பேர் கூப்பிட்டது கேட்காத தொழிலாளியை 'செவிடு' என்று சிரிப்பதை விட்டு, கையோடு மருந்தகத்துக்குக் கூட்டி வாருங்கள்.