தலைக்கட்டுக் கணக்கு

மதுரையில் ஒரு தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லும் நோட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவேடு. மற்றது அந்தத் தெருவின் அம்மன் கோயில் விழாக் கமிட்டியார் கையில் இருக்கும் தலைக்கட்டு வரி நோட்டு. மணமாகித் தனிக்குடித்தனம் வைத்த ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. ஆண்டுக்கு இவ்வளவு என்று வரி. கொடுத்தவர் வீட்டுக்குத் திருவிழா முடிந்ததும் பிரசாதம் வரும், கிடாவெட்டு இருந்தால் அதில் பங்கும் வரும். கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமையும் அதனோடு சேர்ந்ததுதான். (கைம்பெண் தனித்திருக்கும் வீட்டுக்குச் சில ஊர்களில் அரை வரி. அரை வரிக்கு அரைக் குரலாவது உண்டா என்று கேட்டால் கமிட்டியார் சிரிப்பார்கள்.) இந்த இரு நோட்டுகளிலும் பெயரில்லாமலே ஒருவர் அதே தெருவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட முடியும். அவர் வாடகைக்குக் குடியிருப்பவர்.

வீட்டுச் சந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் சதுர அடி விலையையும் வங்கி வட்டியையும் எழுதுகிறார்கள். திருவிழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் தொன்மத்தையும் நாட்டார் மரபையும் எழுதுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசியவர்கள் குறைவு. நகரத்தில் மனை விலை ஏறியதும் தெருத் திருவிழா ஒரு வேடிக்கைக் காட்சியாக மெலிந்ததும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பது என் எண்ணம். அதற்குத் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் குற்றம் சொல்வது எளிது. நோட்டைத் திருத்துவதுதான் கடினம்.

மதுரையைப் பொறுத்தவரை தெருக்களே விழாக்களின் பெயரைச் சுமப்பவை. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக விரிகின்றன. சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுவது வெளியூர்க்காரர்களைக் குழப்பும். மீனாட்சி திருமணமும் தேரோட்டமும் முன்பு மாசியில் நடந்தன என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. விழாவின் மாதம் மாறியது, வீதியின் பெயர் நின்றுவிட்டது.

இந்தச் சதுரங்களுக்கு வெளியே இருக்கும் வெளி வீதிகள் பிறந்தது ஒரு மனைப் பேரத்தில். 1840களில் ஆட்சியர் ஜான் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடிக்க முனைந்தபோது, மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலமே மனையாகக் கிடைக்கும் என்று அறிவித்தார். மதுரைக்காரர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். அளவையாளர் மாரட், மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரில் இன்றும் வீதிகள் உள்ளன. பிளாக்பர்னுக்கு நன்றியாக நிறுத்தப்பட்ட விளக்குத்தூணைச் சுற்றி இப்போது துணிக்கடைகள். நவீன மதுரையின் முதல் பெரிய மனைப் பிரிவு என்று இதைச் சொல்லலாம். நிலத்துக்கு விலை உழைப்பாக இருந்த பேரம் அது. அப்படி ஒரு பேரம் இந்த நகரத்துக்கு மறுபடி வாய்க்கவில்லை.

சித்திரைத் திருவிழாவின் உட்கட்டுமானம் மண்டகப்படி. அழகர்கோயிலிலிருந்து இறங்கி மதுரைக்கு இருபது கிலோமீட்டர் வரும் அழகர், போகவும் வரவுமாக நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று செல்கிறார். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின், ஒரு சாதியின், ஒரு வணிகச் சங்கத்தின், ஓர் ஊரின் பொறுப்பு. அழகரைப் பார்க்க நாம் போகிறோம் என்பதைவிட, நம் வாசலுக்கு அவர் வருகிறார் என்பதே அந்த விழாவின் உயிர். அந்தக் கோயிலுக்கும் சுற்றியுள்ள கள்ளர், இடையர், வலையர், தலித் மக்களுக்கும் உள்ள உறவை 'அழகர் கோயில்' ஆய்வில் தொ. பரமசிவன் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வாசல் இல்லாதவரிடம் சாமி எப்படி வரும் என்ற கேள்வியோடு இன்று அந்த நூலைப் படித்தால் அது வேறொரு நூலாகத் தெரிகிறது.

வாசல்கள் எங்கே போயின? மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று 1997ஆம் ஆண்டின் அரசாணை சொல்கிறது. கோபுரத்தின் காட்சியைக் காக்க வந்த ஆணை, நல்ல ஆணைதான். மீறல்கள் பற்றி வழக்குகளும் நடந்திருக்கின்றன. ஆனால் உயரத்தைக் கட்டுப்படுத்திய சட்டம், அந்த ஒன்பது மீட்டருக்குள் யார் இருப்பது என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேலே கட்ட முடியாத வீட்டுக்காரர் கீழே கடைக்கு விட்டார். மாடியை நகைப்பட்டறைக்கோ துணிக் கிட்டங்கிக்கோ தங்கும் விடுதிக்கோ கொடுத்தார். குடும்பம் கொடுக்கும் வாடகை அவற்றோடு போட்டியிட முடியாது. பிள்ளைகள் வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய அண்ணா நகருக்கும் கே.கே. நகருக்கும் போனார்கள், பேரப்பிள்ளைகள் சுற்றுச்சாலைக்கு அப்பால் போனார்கள். தேரோட்டத்தன்று இவர்கள் வருகிறார்கள். தாத்தா வீட்டு மொட்டைமாடியில் ஏறிநின்று படமெடுத்துவிட்டு மாலைக்குள் கிளம்பிவிடுகிறார்கள். மாசி வீதியில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள், எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணிவிடலாம்.

தெற்குப் பகுதி சௌராஷ்டிர நெசவாளர் தெருக்கள் இன்னொரு பாடம். அங்கே தெரு வீட்டின் ஒரு பகுதியாக இருந்தது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்பார்கள், எதிர்வீட்டுக்காரர் உதவியில்லாமல் அந்த வேலை நடக்காது. அப்படி வேலையால் பிணைந்த தெரு விழாவுக்குத் தனியாகக் கூட்டம் போட வேண்டியதில்லை. தறி குறைந்ததும் இருசக்கர வாகனங்கள் தெருவை நிறைத்தன. எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரிய வேண்டிய அவசியமும் குறைந்தது.

திருவிழா குடியிருப்பை எவ்வளவு கண்டிப்பாகக் கேட்கிறது என்பதற்குக் காப்புக் கட்டுதலைச் சொல்ல வேண்டும். காப்புக் கட்டிவிட்டால் விழா முடியும்வரை ஊரெல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது என்பது வழக்கம். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், உறக்கத்துக்கு ஊர் திரும்பிவிட வேண்டும். இதைவிடத் துல்லியமாகக் குடியுரிமையை எந்தச் சட்டமும் வரையறுத்ததில்லை. அதன் கணக்கில் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே மூன்று வீடு வைத்திருப்பவர் ஊர்க்காரர் அல்லர், அவருடைய வீட்டில் உறங்குகிறவரே ஊர்க்காரர். நோட்டோ நேர்மாறாகச் சொல்கிறது. வரி எழுதுவது சென்னைக்காரர் பெயரில், காப்புக்குக் கட்டுப்பட்டு உறங்குகிறவர் வாடகைக்காரர்.

இந்த முரண்பாட்டை ஓரளவு மறைத்து வைத்திருந்தது ஒத்தி. மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில லட்சங்களை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது ஒத்தி. போகும்போது முழுப் பணமும் திரும்ப வரும், வட்டிதான் வாடகை. வீட்டுக்காரர் அந்தப் பணத்தில் மகள் கல்யாணத்தை முடித்திருப்பார். கெடு முடிந்தால் திருப்பித்தரப் பணம் இருக்காது. அடுத்த ஒத்திக்காரர் கிடைக்கும்வரை இவர் இருப்பார், அடுத்தவர் கிடைக்கமாட்டார், இப்படியே எட்டுப் பத்து ஆண்டுகள் ஓடும். பொருளாதாரம் படித்தவர்கள் இதைத் திறமையற்ற ஏற்பாடு என்பார்கள். ஆனால் அந்தப் பத்தாண்டில் ஒத்திக்காரரின் பெண் அந்தத் தெரு முளைப்பாரியைத் தூக்கியிருப்பாள், பையன் பொங்கல் உறியடியில் பானையை உடைத்திருப்பான். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வருகிறவருக்கு அது வாய்ப்பதில்லை. ஒரு சித்திரையைப் பார்த்துவிட்டு அடுத்த சித்திரைக்குள் வேறு தெருவுக்குப் பெட்டி கட்டுகிறார். ஒத்தியை நான் புகழவில்லை. கடனில் மூழ்கிய வீட்டுக்காரரிடம் பணத்தைப் பறிகொடுத்தவர்களையும் அறிவேன். மனிதர்களை ஒரு தெருவில் நிறுத்திவைக்கும் விசைகளில் ஒன்றாக அது இருந்தது என்பதையே சொல்கிறேன்.

பழைய தெருவே மேல் என்று யாராவது இதைப் படித்து முடிவுகட்டினால் நான் பொறுப்பல்ல. தலைக்கட்டு நோட்டு பெரும்பாலும் சாதி நோட்டும்தான். எந்தத் தெருவில் யார் தலைக்கட்டு, யாருக்கு முதல் மரியாதை, யார் வாசலில் சப்பரம் நிற்காமல் போகும் என்பதெல்லாம் அதில் எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்தியதில் வீட்டுச் சந்தைக்குப் பங்கு உண்டு. பணம் கொடுத்தால் மனை என்பது, பிறந்த தெருவிலேயே கிட என்பதைவிட எவ்வளவோ மேல். அதே சந்தையின் வாசலில் நிற்கும் தரகர் வீடு காட்டும்முன் கேட்கும் முதல் கேள்வி என்ன என்பதும் நமக்குத் தெரியும். "நீங்க என்ன ஆளுங்க?" என்பதை இப்போது "நீங்க சைவமா?" என்று நாகரிகமாகக் கேட்கிறார்கள். முஸ்லிம் நண்பர்களிடம் அதையும் கேட்பதில்லை, வீடு நேற்றே போய்விட்டது என்று சொல்லிவிடுகிறார்கள்.

கிராமம் வார்டாகும்போது 'ஊர் என்பது யார்' என்ற சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளானது, பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148ஆக விரிந்தது. அவனியாபுரம் அப்படி உள்ளே வந்த ஊர். அங்கே தைப் பொங்கலன்று நடக்கும் ஜல்லிக்கட்டை யார் நடத்துவது என்ற சச்சரவு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2020இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து விழாவை நடத்த வேண்டியதாயிற்று. பலர் இதைச் சாதிப் பூசலாக மட்டும் பார்த்தார்கள். அது இருக்கிறதுதான். ஆனால் வயல் மனையாகி, மனை வீடாகி, ஊரில் பாதிப்பேர் வந்தேறியவர்களாக இருக்கும் இடத்தில் ஊர்ப்பொது என்று யாரும் உரிமை கோர முடியாது போனதும் அதில் இருக்கிறது. உரிமையாளர் தெளிவாக இல்லாத சொத்துக்கு நீதிமன்றம் நிர்வாகி போடுவதுபோல விழாவுக்கும் போட்டுவிட்டது.

இனி புதிய மனைப் பிரிவுகளுக்கு வருவோம். நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பறக்கும் பாலம் 2023இல் திறந்தபிறகு அந்தப் பக்கத்து விளம்பரங்கள் நிமிடக் கணக்கில் பேசுகின்றன. பாலத்திலிருந்து இத்தனை நிமிடம், பள்ளியிலிருந்து இத்தனை நிமிடம். பக்கத்து வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடைவிதித்ததும், அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்ததும் வாங்குகிறவருக்கு ஓரளவு பாதுகாப்புத் தந்தன. 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி ஒப்படைத்தே ஆகவேண்டும். மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டியும் தப்பிக்கலாம்.

அந்தப் பத்தில் ஒரு பங்கு என்ன ஆகிறது? பெரும்பாலும் கம்பிவேலியும், துருப்பிடித்த சறுக்குமரமும், பூட்டிய கதவும், பூங்கா என்ற பலகையும். ஒரு பந்தல் போடவோ, பட்டிமன்றம் நடத்தவோ, நோன்புக் கஞ்சி காய்ச்சவோ, கிறிஸ்துமஸ் குடில் வைக்கவோ அதில் இடமில்லை. பட்டிமன்றத்தைத் தெருமுனையிலேயே கேட்டு வளர்ந்த நகரம் இது. இப்போது தெருவை மறித்து மேடை போட வேண்டுமென்றால் காவல்நிலைய அனுமதி வேண்டும், அது கிடைக்காவிட்டால் நீதிமன்றத்தில் மனு. ஆடல்பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மதுரைக் கிளைக்கு வரும் மனுக்களைப் பார்த்தால் நம் பொதுவெளியின் பஞ்சம் புரியும். ஒதுக்கிய நிலத்தில் பாதியைச் சமன்செய்த திடலாக, ஒரு மேடையும் ஒரு குடிநீர்க் குழாயுமாக விடவேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் அரசுக்கு ஒரு காசும் செலவில்லை.

அடுக்குமாடிகளில் விழா இல்லை என்று சொல்லமாட்டேன். புத்தாண்டு இரவும் பொங்கல் கோலப்போட்டியும் ஒழுங்காகவே நடக்கின்றன. ஆனால் சங்கத்தின் உறுப்பினர் உரிமையாளர். மாதப் பராமரிப்புத் தொகையைத் தன் கையிலிருந்து கட்டுகிற வாடகைக்காரருக்குக் கூட்டத்துக்கு அழைப்பில்லை. பழைய நோட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்துப் புதிய நோட்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

புறநகர்ப் பகுதி ஒன்றில், ஏறக்குறைய எண்பது வீடுகள் கொண்ட மனைப் பிரிவில், சில ஆண்டுகளாக விநாயகர் சதுர்த்திக்கும் பொங்கலுக்கும் உரிமையாளர், வாடகைக்காரர் என்று பிரிக்காமல் அடுப்புக்கு இவ்வளவு என்று வசூலிப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். எரிகிற அடுப்புக்கு வரி, பூட்டிய வீட்டுக்கு இல்லை. பூட்டிய வீட்டுக்காரர்கள் முதலில் கோபப்பட்டார்களாம். எங்கள் மனை, எங்கள் பெயர் பத்திரிகையில் இல்லையா என்று. கமிட்டியில் இப்போது இருவர் வாடகைக்காரர்கள், அதில் ஒருவர் பெண். சாதி கேட்காமல் இது எப்படி நடந்தது என்று விசாரித்தேன். வந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்தார்கள், யாரும் பழையவர் இல்லை என்றார்.

பழைய தெருக்களில் அந்த வசதி இல்லை. ஆனால் அங்கேயும் வீட்டு எண்ணுக்கு நேரே சொந்தக்காரர் பெயர் எழுதும் பத்தியில், இப்போது அந்த வீட்டில் உறங்குகிறவரின் பெயரை எழுதுவதற்கு அரசாணையோ வழக்கோ தேவையில்லை. பங்குனிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும். கேட்கிறவர் சொந்த வீட்டுக்காரராக இருக்க வேண்டும், வாடகைக்காரருக்குத்தான் கூட்டத்தில் இடமில்லையே.