இடிக்கும் முன் கணக்கு வேண்டும்



டெல்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கை இடித்துவிட்டு, 102 ஏக்கரில் விளையாட்டு நகரம் அமைக்கும் திட்டத்தை மத்திய விளையாட்டு அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. பல விளையாட்டுகளுக்கான பயிற்சிக் கூடங்களும் வீரர் விடுதியும் ஒரே வளாகத்தில் அமைவதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பணத்தை நினைத்தால் மனம் பதறுகிறது.

1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கம் அது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக 900 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டிப் புதுப்பித்தார்கள். இந்த அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்புதான், உலக பாரா தடகளப் போட்டிக்காகப் புதிய ஓடுதளமும் போட்டார்கள். இடிக்கும் எண்ணம் அப்போதே இருந்ததா? இருந்திருந்தால் அந்தச் செலவு எதற்கு? இல்லையென்றால், இவ்வளவு பெரிய முடிவைச் சில மாதங்களில் எப்படி எடுத்தார்கள்? இரண்டில் எது உண்மையானாலும் திட்டமிடலில் ஓட்டை இருக்கிறது.

வேலை நடக்கும் ஆண்டுகளில் அங்கு பயிற்சி பெறும் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? தடகள வீரருக்கு இரண்டு பருவங்கள் போனால் போனதுதான். தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது; அதை எங்கே மாற்றுவார்கள்?

மொத்த மதிப்பீடு, ஆண்டுவாரி ஒதுக்கீடு, மாற்றுப் பயிற்சி இடம், கட்டி முடித்தபின் பராமரிப்புக்கான தனி நிதி ஆகியவற்றை, முதல் சுவர் இடிபடும் முன் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திருச்சி